வீட்டுக்கு ஒரு குடம்

அந்த ஈஸி சேர்ல மட்டும் உட்காராதீங்க சாமி, ஈரமா இருக்கும். கட்டில்ல உட்காருங்க, இல்லைன்னா அந்தப் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்குங்க. கேமராவை எங்க வெச்சாலும் சரி, தரையில மட்டும் வெச்சிராதீங்க, இந்த வூட்டுத் தரை காயறதே இல்லை. கம்பெனிக்கு அம்பது வருசம் ஆகுது, பழைய ஆளுக எல்லாம் வளர்ச்சியைப் பத்தியும் கல்ச்சரைப் பத்தியும் ரெண்டு வார்த்தை சொல்லோணும்னு ஹெச்.ஆர். சார் போன்ல சொன்னாரு. ரெண்டு வார்த்தையில சொல்றதுக்கு எனக்கு வராதுங்க. "வசந்தாமணி வாயை அடைக்கறதுக்கு ஒரு வால்வுதான் போடோணும்"னு எங்கம்மாவே சொல்லும். நான் பாட்டுக்குச் சொல்றேன், வேணுங்கறதை எடுத்துக்குங்க, வேண்டாததை வெட்டிக்குங்க. வெட்டத்தான் போறீங்க, எனக்குத் தெரியும்.

கம்பெனி பேரெல்லாம் நான் சொல்லோணுமா, உங்க சட்டையிலயே போட்டிருக்குது. அப்ப இவ்வளவு பெரிய பேரெல்லாம் இல்லை. இங்க கணபதி ஏரியாவுல ஒரு தகரக் கொட்டாய், அதுக்குள்ள ஒரு லேத்து, பெரிய மொதலாளி, அவரோட நாலஞ்சு ஆளுக, அவ்வளவுதான். மொதல் பம்பைச் செஞ்சு முடிச்சாங்க. ஓட்டிப் பார்க்கறதுக்குத் தொட்டியும் கட்டிட்டாங்க. தொட்டியில ஊத்தத்தான் தண்ணி இல்லை. அந்த வருசம் மழை பொய்த்துப்போயி கெணறெல்லாம் அடி தெரிஞ்சு கெடந்துச்சாம். பெரிய மொதலாளி வேலையாளுகளைக் கூப்பிட்டு, "ஆளுக்கொரு குடம் உங்க வூட்டுத் தண்ணி கொண்டாங்கப்பா"ன்னு சொல்லியிருக்காரு. குடிக்கவே தண்ணியில்லாத நாள்ல அவங்க பொண்டாட்டிக திட்டத் திட்ட, ஆளுக்கொரு குடம் தோள்ல தூக்கிட்டு வந்து ஊத்துனாங்களாம். அந்தத் தண்ணியை இழுத்துத்தான் மொதல் பம்பு ஓடுச்சு. அதுக்கப்புறம் அதுவே வழக்கமாயிருச்சு. யாரு புதுசா வேலைக்குச் சேர்ந்தாலும் ஆர்டர் கையில வாங்கறதுக்கு முந்தி, அவங்கவங்க வூட்டுத் தண்ணி ஒரு குடம் கொண்டாந்து டெஸ்ட் தொட்டியில ஊத்தோணும். நான் சேரும்போது கல்யாணம் ஆகலை. எங்கூரு வெள்ளக்கிணத்துல இருந்து எங்கம்மா வூட்டு உப்புக் கரிக்கற சப்பைத் தண்ணியை ஒரு பித்தாளைக் குடத்துல எடுத்துட்டுப் பஸ்ஸுல வந்தேன். கண்டக்டர் குடத்துக்கும் டிக்கெட்டு கேட்டான்.

அந்தத் தொட்டித் தண்ணியை யாரும் இறைச்சு ஊத்தினதில்லை. பம்பு இழுக்கும், பைப்பு வழியாத் திருப்பித் தொட்டிக்கே விட்டுரும். அதே தண்ணிதான் சுத்திச் சுத்தி வரும். கொட்டாய் ஷெட்டாச்சு, ஷெட்டுக்குப் பக்கத்துல இரும்பு உருக்கற பவுண்டரி வந்துச்சு, பவுண்டரிக்குப் பின்னால வைண்டிங் செக்ஷன் வந்துச்சு, சின்ன மொதலாளி காலத்துல கப்பல்ல ஏத்தி வெளிநாட்டுக்கெல்லாம் பம்பு போச்சு. தொட்டியையும் இடிச்சு இடிச்சுப் பெருசாக் கட்டுனாங்க. ஆனா ஒருக்காவும் தண்ணியை மாத்தலை. வெயில் காலத்துல கொறைஞ்சா மேல ஊத்திக்குவாங்க, அவ்வளவுதான். "இங்க சேர்ந்தவங்க யாரும் எங்களை விட்டுட்டுப் போனதில்லை"ன்னு வாசல்ல பெருசா ஒரு போர்டு எழுதி வெச்சிருந்தாங்க. பெருமைக்குத்தான் எழுதுனாங்க. அது அப்படியே நடக்கும்னு யாரு கண்டா?

மொதல்ல வந்தது ஆறுச்சாமியண்ணன். ஃபிட்டருங்க. தங்கமான மனுசன். ஒரு ஞாயித்துக்கிழமை கறிச்சோறு தின்னுட்டுப் படுத்தவரு எந்திரிக்கலை. திங்கக்கிழமை கம்பெனி லாரியில நாங்க அத்தனை பேரும் போயி, எடுத்து, அடக்கம் பண்ணிப்போட்டு அழுதுட்டு வந்தோம். செவ்வாக்கிழமை காலையில சங்கு ஊதி, டெஸ்ட்ல மொதல் பம்பை ஓட்டுன ஒடனே தொட்டிக்குள்ளிருந்து ஆறுச்சாமியண்ணன் ஏறி வந்தாரு. காக்கிச் சட்டையைக் கழட்டி, பிழிஞ்சு, உதறி, மறுபடியும் போட்டுக்கிட்டாரு. நேரா டைம் ஆபீஸுக்குப் போயித் தன்ற கார்டை எடுத்து மிஷின்ல விட்டாரு. மிஷினும் டக்குன்னு அடிச்சுச்சு. ஃபோர்மேன் ஒரு பார்வை பார்த்துட்டு, "ஏனுங்க ஆறுச்சாமி, நேத்து லீவு சொல்லாம நின்னுட்டீங்களே?"ன்னு மட்டும் கேட்டாரு. அண்ணன் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, "இனிமே நிக்கமாட்டனுங்க"ன்னு சொல்லிட்டு தன்ற பட்டறையில வைஸ் முன்னால போயி நின்னுக்கிட்டாரு.

அப்புறம் நின்னதே இல்லை. அவரு மட்டுமில்லை, அவருக்குப் பின்னால செத்த ஒருத்தருமே நின்னதில்லை. பவுண்டரி குட்டியப்பன் வந்தாரு, பெயின்ட் ஷாப்புல இருந்த ரெண்டு பேரு வந்தாங்க, ரிட்டயர்டாகி ஊருக்குப் போயி எங்கியோ செத்தவங்ககூட ஒரு வாரம் தாமசமாவாவது தொட்டிக்கு வந்து சேர்ந்துட்டாங்க. காலையில மொதல் பம்பு ஓடும், ஒவ்வொருத்தரா ஏறி வருவாங்க, சட்டையைப் பிழிவாங்க, கார்டை அடிப்பாங்க. நாங்க பழகிட்டோம். பழகாம என்ன பண்றது? மிஷினுக்கடியில மரத்தூள் கொட்டி வெச்சோம். யூனியன்காரங்க கூட்டம் போட்டு, அவங்களுக்கும் வருசத்துக்கு ரெண்டு செட்டு யூனிஃபார்மும் தொடைச்சுக்கத் துண்டும் வேணும்னு கேட்டு வாங்கிக் குடுத்தாங்க. கேன்டீன்ல அவங்களுக்கும் டீ ஊத்துனாங்க. கையில புடிச்சுக்கிட்டே நிப்பாங்க, குடிக்கமாட்டாங்க, டீ ஆறிப்போயி ஏடு கட்டிக்கும். வெளிநாட்டுல இருந்து ஆடிட்டுக்கு வந்த ஒரு வெள்ளைக்காரரு, தரை எந்நேரமும் ஈரமாவே இருக்குதேன்னு கேட்டாரு. ரொம்பச் சுத்தமா வெச்சிருக்கோம்னு சொன்னாங்க. அதுக்கு ஒரு சர்ட்டிபிகேட்டு குடுத்துட்டுப் போனாரு. ஆபீஸுல கண்ணாடி போட்டு மாட்டி வெச்சிருந்தாங்க, நீங்க பார்த்திருப்பீங்க.

ஒரே ஒரு எடத்துக்கு மட்டும் அவங்க வரக்கூடாது. எங்க வைண்டிங் செக்ஷனுக்கு. செப்புக் கம்பி சுத்தற எடமுங்க, ஒரு சொட்டு ஈரம் பட்டாப் போதும், மோட்டார் எரிஞ்சுரும். அதனால எங்க ஹாலுக்கு முன்னால தரையில மஞ்சள் பெயின்ட்ல ஒரு கோடு போட்டு, ஈரத்தோட யாரும் தாண்டக்கூடாதுன்னு சட்டம் வெச்சாங்க. அவங்களும் தாண்டமாட்டாங்க. செத்த பின்னாலயும் சேஃப்டி ரூலை மதிச்ச ஆளுக, எங்க கம்பெனி ஆளுக.

ஆனா ஒண்ணு சொல்றேன், இதையாவது வெட்டாம வையுங்க. மொதல்ல எல்லாம் அவங்க வூட்டு ஆளுகளுக்குச் சந்தோசம் தாங்கலை. ஆறுச்சாமியண்ணன் சம்சாரம் கெட்டிக் கொழம்பு வெச்சு எடுத்துக்கிட்டு வந்து கேட்டுல நிக்கும். சாயங்காலம் சங்கு ஊதினா உசுரோட இருக்கறவங்களும் இல்லாதவங்களும் ஒண்ணாச் சேர்ந்து கேட்டு வரைக்கும் நடந்து வருவோம். நாங்க தாண்டி வெளிய போயிருவோம். அவங்க கேட்டுக்கிட்ட வந்து நின்னு, திரும்பி, தொட்டிக்கே போயி எறங்கிருவாங்க. அந்தக்கா கம்பியைப் புடிச்சுக்கிட்டு, "என்னங்க, என்னங்க"ன்னு கூப்பிடும். அவரு யாரோ பம்பு வாங்க வந்த பார்ட்டியைப் பார்க்கற மாதிரி பார்த்துட்டு, மரியாதையாத் தலையை ஆட்டிட்டுப் போயிருவாரு. கொஞ்ச நாள்ல அந்தக்கா வர்றதை நிறுத்திருச்சு. புதுசா ஆள் எடுக்கறதும் அப்படியே நின்னுபோச்சு. அந்தந்த எடத்துல ஒரு ஆளு நின்னு வேலை பார்த்துக்கிட்டிருக்கும்போது புது ஆளு எதுக்கு? கம்பெனி வளர்ந்துச்சான்னா, வளர்ந்துச்சுங்க. அப்படித்தான் வளர்ந்துச்சு.

இப்ப எங்கூட்டுக்காரரைப் பத்திச் சொல்லோணும். மருதாசலம்னு பேரு. டெஸ்ட் ஆபரேட்டர். காலையில மொதல் பம்பை ஓட்டறதே அவருதான். கோட்டுக்கு இந்தப் பக்கம் நான் கம்பி சுத்திக்கிட்டிருப்பேன், அந்தப் பக்கம் அவரு பம்பு கேஜுல முள்ளைப் பார்த்துக்கிட்டிருப்பாரு, அப்படிப் பார்த்துத்தான் கல்யாணம் ஆச்சு. எனக்கு ஷிஃப்டு முடிஞ்சா நான் வூடு வந்துருவேன். அவரு வரமாட்டாரு. ஒரு பம்பு பாக்கி, ஒரு பார்ட்டி வர்றான், தொட்டியில தண்ணி ஒரு விரக்கடை கொறைஞ்சிருக்குது, ஏதாச்சும் ஒண்ணு இருக்கும். புள்ளைக்குக் காது குத்தற அன்னைக்கு வரலை. எங்கய்யன் செத்தப்ப எடுக்கற நேரத்துக்குத்தான் வந்தாரு. தீவாளி நோம்பி அன்னைக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சுப்போட்டு, தொட்டியை ஒரு எட்டுப் பார்த்துட்டு வர்றேன்னு போவாரு. ஒவ்வொரு நாளும் காலையில நான் கேட்பேன், "பொழுதோட வந்துருவீங்களாங்க?"ன்னு. அவரு செருப்பை மாட்டிக்கிட்டே, "பார்க்கலாம் புள்ள"ம்பாரு. போன் போட்டா, "ஷிஃப்ட்ல இருக்கேன்"னு வெச்சிருவாரு. இன்னொருத்திகூடப் பழக்கம்னா முடியைப் புடிச்சு இழுத்திருப்பேன். தொட்டியோட போயி எப்படிங்க சண்டை போடறது?

ரிட்டயர்டு ஆனப்ப இந்த ஈஸி சேரைத்தான் குடுத்தாங்க. மாலை போட்டு, கைதட்டி, வேன்ல வெச்சு அனுப்புனாங்க. சரி, இனிமேலாச்சும் மனுசன் வூட்டுல இருப்பாருன்னு நான் சேருக்கு ஒரு தலகாணி தைச்சு வெச்சேன். ஒரு நாள் உட்காரலைங்க. காலையில சங்கு ஊதினா எந்திரிச்சுப் போயி கேட்டு முன்னால டீக்கடையில நின்னுக்கிட்டு, உள்ள பம்பு ஓடற சத்தத்தைக் கேட்டுக்கிட்டிருப்பாரு. எனக்கு சர்வீஸ் இன்னும் இருந்துச்சு, நான் உள்ள போவேன், அவரு வெளிய நிப்பாரு. அப்படி நின்ன எடத்துலயே ஒரு நாள் சாஞ்சுட்டாரு.

காரியமெல்லாம் முடிஞ்சு நான் வேலைக்குப் போன மொதல் நாள். மொதல் பம்பு ஓடுச்சு. மத்தவங்களோட அவரும் ஏறி வந்தாரு. நான் கம்பியை அப்படியே போட்டுட்டு ஓடுனேன். கோட்டுக்கிட்ட வந்து நின்னுட்டேன், தாண்டலை, எனக்கும் ரூலு பழகிருச்சு பாருங்க. "என்னங்க"ன்னேன். "என்னைத் தெரியுதுங்களா?"ன்னேன். கேஜுல இருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "ஷிஃப்ட்ல இருக்கேன் புள்ள"ன்னாரு. சாகறதுக்கு முந்தி சொன்ன அதே கொரல், அதே சலிப்பு. எனக்கு அழுகை வரலைங்க, கோவம் வந்துச்சு. செத்தும் வூட்டுக்கு வராம கம்பெனிக்கு வந்திருக்குது பாரு மனுசன்! பக்கத்துல கம்பி சுத்தற பிலோமினாதான் என்னைப் புடிச்சு இழுத்துட்டு வந்து உட்கார வெச்சா. அதுக்கப்புறம் ரிட்டயர்டு ஆகற வரைக்கும் தெனமும் கோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துக்கிட்டு அந்த முதுகைப் பார்த்துக்கிட்டே கம்பி சுத்துனேன். ஒருக்காவாச்சும் இவரை வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயி இந்தச் சேர்ல உட்கார வெச்சிறோணும். எனக்கிருந்த ஆசை அது ஒண்ணுதான்.

அப்பத்தான் பேரன் மொதலாளி அன்னூருக்கு அங்கிட்டுப் புது பிளான்ட் கட்டுனாரு. பழைய எடத்தை வித்தாச்சு, தொட்டியை இடிக்கப் போறாங்கன்னு சேதி வந்துச்சு. ரிட்டயர்டு ஆன நாங்க, செத்தவங்களோட வூட்டுக்காரங்க எல்லாரும் குடத்தைத் தூக்கிக்கிட்டு கேட்டு முன்னால போயி நின்னோம். எங்க ஆளுகளை எங்களுக்குக் குடுங்கன்னு கேட்டோம். பேரன் மொதலாளித் தம்பி வெளிய வந்து கையெடுத்துக் கும்பிட்டாரு. நல்ல புள்ளைதான், ஒண்ணும் சொல்றதுக்கில்லை.

"வசந்தாக்கா, எல்லாரையும் கூட்டிட்டுப் போயிட்டீங்கன்னா புது பிளான்ட்ல நம்ம கல்ச்சரே இருக்காதுங்கக்கா. இந்தத் தண்ணியை டேங்கர்ல ஏத்தி அங்க கொண்டுபோயி ஊத்தலாம்னு இருக்கோம்"னாரு.

"கல்ச்சரு, கல்ச்சருங்கறீங்களே, அது எங்கூட்டுக்காரருங்க தம்பி"ன்னு நான் சொன்னேன்.

அவரு உள்ள போனாரு. அப்புறம் ஹெச்.ஆர். சாரோட கலந்து பேசிட்டு வந்து, வூட்டுக்கு ஒரு குடம் எடுத்துக்கலாம், அதுக்கு மேல ஒரு சொட்டுக் கெடையாதுன்னு முடிவு சொன்னாரு. எல்லாரும் கைதட்டுனாங்க. எனக்கு மட்டும் கையே வரலை. எல்லார் வூட்டுலயும் ஒருத்தர்தான் கம்பெனி ஆளு. எங்க வூட்டுல ரெண்டு பேரு. என்ற குடமும் அந்தத் தொட்டிக்குள்ளதான் கெடக்குது. அதை எடுக்காம வுட்டா, நான் செத்தாலும் அங்கதான் ஏறி வரோணும்.

தொட்டி மேட்டுல வரிசையா நின்னோம். பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே குடத்தை முக்கோணும். அந்த ஆளோட தண்ணி வந்து ஏறிருச்சுன்னா குடம் கனக்கும், உள்ள இருந்து யாரோ கையைப் புடிச்சு இழுக்கற மாதிரி இருக்கும். ஆறுச்சாமியண்ணன் சம்சாரம் வரலை, அவங்க வூட்டுல இருந்து ஒருத்தரும் வரலை. பிலோமினாவுக்குக் கல்யாணம் காச்சின்னு ஒண்ணுமில்லை, தனிக்கட்டை. அவ தன்ற பேரைத் தானே கூப்பிட்டு, தன்ற தண்ணியைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டா. என்னைப் பார்த்துச் சொன்னா:

"உன்னோடதை எடுடி. உசுரோட இருந்தப்பவே வூடு தங்காத மனுசன், இப்ப வந்து என்ன கிழிக்கப் போறாரு? அவருக்குக் கம்பெனிதான் வூடு. அங்கியே சந்தோசமா இருக்கட்டும். நீ செத்தா உனக்கு நிம்மதி வேண்டாமா? ஈரத்தோட வைண்டிங்குக்குள்ளயும் விடமாட்டாங்க, காலம் பூராக் கோட்டுக்கு வெளிய நின்னுக்கிட்டிருப்பியா?"

அவ சொன்னது அத்தனையும் நெசம். நான் குடத்தைக் கையில வெச்சுக்கிட்டு நின்னேன். எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லமாட்டேன். பின்னால வரிசையில நின்னவங்க, "சீக்கிரமுங்க, சீக்கிரமுங்க"ன்னாங்க. குனிஞ்சு வாயைத் தொறந்தேன், என்ற பேருதான் வரும்னு நெனைச்சேன். "என்னங்க, மருதாசலம், வாங்க வூட்டுக்குப் போலாம்"னு வந்துருச்சு. குடம் அப்படிக் கனத்துச்சுங்க, ரெண்டு பேரு புடிச்சுத் தூக்கி வுட்டாங்க.

ஆட்டோ வெச்சு மடியில வெச்சுக் கொண்டாந்து வூட்டுச் சம்ப்புத் தொட்டியில ஊத்துனேன். அடுத்த நாள் காலையில மோட்டாரைப் போட்டேன், அது அவரு டெஸ்ட் பண்ணி வாங்கிட்டு வந்த மோட்டாருதான். சம்ப்பு மூடியைத் தள்ளிக்கிட்டு ஏறி வந்தாரு. சட்டையைப் பிழிஞ்சு உதறிப்போட்டு, கார்டு அடிக்க மிஷினைத் தேடுனாரு. காணோம். செவுத்தையெல்லாம் தடவிப் பார்த்தாரு. அப்புறம் மெதுவா சமையக்கட்டு நெலவுப்படிக்கிட்ட வந்து நின்னுக்கிட்டு, வூட்டுக்கு வந்த விருந்தாடி மாதிரி கூச்சப்பட்டுக்கிட்டு, "சொம்பு எங்க வெச்சிருக்கற புள்ள?"ன்னு கேட்டாரு. அவரே கட்டுன வூடுங்க இது. சொம்பு இருக்கற எடம் தெரியலை. நான் அடுப்பை அணைச்சுட்டு அங்கியே உட்கார்ந்து அழுதேன். அன்னைக்குத்தான் அவரு செத்ததுக்கு அழுதேன்னு நெனைக்கறேன்.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா எல்லாம் தெரிஞ்சுக்கிட்டாரு. எந்த சுவிட்சு எந்த லைட்டு, கறிவேப்பிலைச் செடி எங்க இருக்குது, பால்காரன் பேரு என்ன. பகல் பூரா இந்தச் சேர்ல உட்கார்ந்துக்கிட்டு நான் போறதையும் வர்றதையும் பார்த்துக்கிட்டிருப்பாரு. பொழுதானா சம்ப்புக்குள்ள எறங்கிருவாரு. போன மாசம் ஒரு நாள், நான் சோத்து வட்டலைக் கழுவிக்கிட்டிருந்தேன், "நீ சாப்பிட்டியா புள்ள?"ன்னு கேட்டாரு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அதைக் கேட்டதில்லை. "ஆச்சுங்க"ன்னு சொல்லிட்டேன், ஆனா நான் சாப்பிடலை.

அந்த சந்தோசம் வந்தப்பதான் எனக்கு நெஞ்சுல வலியும் வந்துச்சு. பெரியாஸ்பத்திரியில வால்வு போயிருச்சுன்னுட்டாங்க. பம்பு கம்பெனியில வேலை பார்த்தவளுக்கு வால்வு போகுது பாருங்க! ஆபரேஷன் தாங்காதும்மான்னு சொல்லிட்டு டாக்டரு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. நான் நேரா பஸ் ஏறி உங்க புது பிளான்ட்டுக்குத்தான் வந்தேன். தொட்டி நல்லா இருக்குது, நீலக் கலர் டைல்ஸ் எல்லாம் ஒட்டி. கையில குடமும் கொண்டாந்திருந்தேன். செக்யூரிட்டி ரெஜிஸ்டர்ல பார்த்துட்டு, "உங்க வூட்டுக் குடம் குடுத்தாச்சேம்மா"ன்னு சொல்லிட்டான். மொதலாளித் தம்பியும் வந்து பேசுனாரு. "உங்களுக்குன்னு மாத்துனா எல்லாரும் கேப்பாங்கக்கா. ஆனா ஒண்ணு, உங்களுக்கு வைண்டிங் ஹாலுக்கு வெளிய நல்ல சேராப் போட்டுத் தர்றேங்கக்கா"ன்னாரு. மனசாரத்தான் சொன்னாரு. அதுதான் எனக்குத் தாங்கலை.

அதனால நான் அங்க வருவேன், உங்களுக்கும் சொல்லி வெச்சர்றேன். என்னைக்குன்னு தெரியாது, ஆனா ஒரு நாள் காலையில மொதல் பம்பு ஓடும்போது ஏறி வருவேன். என்னைப் பார்த்தா நீங்க கூப்பிட்டுப் பேசுங்க. நான் திரும்பிப் பார்க்கமாட்டேன், ஷிஃப்ட்ல இருக்கேன்னு சொன்னாலும் சொல்லுவேன், கோவிச்சுக்காதீங்க.

அவருகிட்ட இதொண்ணும் நான் சொல்லலை. சேர்ல தண்ணி சொட்டுது பாருங்க, வந்து உட்கார்ந்துட்டாரு. இவ்வளவு நேரம் நீங்க இருக்கறதுனால கூச்சப்பட்டுக்கிட்டு பின்னால நின்னிருக்காரு. இருங்க, உங்களுக்கு டீ போடலாம்னா பால் தீர்ந்துருச்சு, முக்குக் கடை வரைக்கும் போயிட்டு வந்தர்றேன். நான் செருப்பை மாட்டுனாப் போதும், ஒடனே கேப்பாரு. நீங்களே கேளுங்க.

"பொழுதோட வந்துருவியா புள்ள?"

கேட்டுச்சுங்களா? தெனமும் இதேதான்.

வந்தர்றேனுங்க, கடைக்குத்தான் போறேன். இன்னைக்கு கடைக்குத்தான் போறேன்.